பழைய கம்ப்யூட்டர் அனுப்பலாமா?



 கடந்த சில மாதங்களாக உங்களில் பலர் ஒரே கேள்வியை எழுதி வருகிறீர்கள். "எங்கள் அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர்களை மாற்றுகிறார்கள். நன்றாகத்தான் ஓடுகின்றன. ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கலாமா?" காரணம் எங்களுக்குத் தெரியும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகக் கொடுத்து வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பெட்டிகள் எத்தனையோ அலுவலகங்களில் சுவரோரம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் காயலான் கடைக்குப் போட மனமில்லாமல் எங்களை நினைத்துக்கொண்டீர்களே, அதற்காக முதலில் நன்றி.

வேறு சிலர் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதியிருக்கிறார்கள். "ஆண்டறிக்கையில் டெர்மினல் சர்வர் என்று ஒரு செலவு போட்டிருக்கிறீர்கள். அந்தப் பணத்தில் கட்டில் வாங்கியிருக்கலாமே?" காணிக்கை கொடுக்கிறவர்களுக்கு அப்படிக் கேட்க முழு உரிமை உண்டு. இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருப்பதால் இந்த இதழில் சற்று விரிவாக எழுதுகிறோம். கம்ப்யூட்டர் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கம்ப்யூட்டர் பிரிவுத் தம்பி ஒருவர் பலமுறை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததையே இங்கே எங்கள் பாஷையில் தருகிறோம்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு அந்த நாட்களில் வந்தவர்கள் வேப்பமரத்தடிச் சமையல் கொட்டகையை மறந்திருக்க மாட்டீர்கள். நோயாளியோடு வந்த ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று அடுப்பு மூட்டி, தனக்கென்று உலை வைக்கும். முப்பது குடும்பம் என்றால் முப்பது அடுப்பு, முப்பது விறகுக் கட்டு, எங்கும் புகை. பிறகு பொதுச் சமையலறை வந்தது. சமையல் ஒரே இடத்தில் நடக்க, தட்டு மட்டும் கட்டிலருகே வந்தது.

சாதாரணமாக நாம் மேஜைமேல் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் தனி அடுப்பைப் போன்றது. புரோகிராம் அதற்குள்ளேயே ஓடுகிறது. எழுதியதெல்லாம் அதற்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கிலேயே தங்குகிறது. டெர்மினல் சர்வர் பொதுச் சமையலறை. பூட்டிய ஓர் அறையில் பலமுள்ள கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. மருந்துச் சீட்டு, பில், ஆய்வுக்கூட முடிவு, நோயாளியின் குறிப்பு ஆகிய எல்லாப் புரோகிராம்களும் அதிலேதான் ஓடுகின்றன. வார்டில் இருப்பது ஒரு திரை, ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், அவற்றை இணைக்கும் சிறு பெட்டி, அவ்வளவே. சர்வர் என்றதும் ஓட்டலில் இட்லி கொண்டு வருகிறவரை நினைத்துக்கொண்டார் எங்கள் கமிட்டிப் பெரியவர் ஒருவர். அதுவும் பெரிய தப்பில்லை.

நடப்பது இதுதான். வார்டில் நர்ஸ் சிஸ்டர் ஒரு எழுத்தை அடிக்கிறார். இன்ன விசை அழுத்தப்பட்டது என்ற மிகச் சிறிய செய்தி கம்பி வழியாகச் சர்வர் அறைக்குப் போகிறது. அங்கே அந்தச் சிஸ்டருக்கென்று தனியாக ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதைச் செஷன் என்கிறார்கள். அவர் அடித்த எழுத்து அந்தச் செஷனில் ஓடும் புரோகிராமுக்குள் விழுகிறது. உடனே திரை எப்படி மாற வேண்டும் என்பதைச் சர்வர் கணக்கிட்டு, மாறிய துண்டை மட்டும் சுருக்கி, பிறர் வாசிக்க முடியாதபடி மறைகுறியாக்கி, வார்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. வார்டுப் பெட்டி அந்தத் துண்டை உரிய இடத்தில் வரைகிறது. ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் இதெல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது; சிஸ்டருக்குத் தம் முன்னாலிருக்கும் பெட்டியே வேலை செய்வதாகத் தோன்றும். இருபது பேர் வேலை செய்தால் சர்வருக்குள் இருபது செஷன். ஒருவர் வேலை இன்னொருவர் திரைக்கு வராது. விண்டோஸில் இந்தப் போக்குவரத்துக்கான விதிமுறைக்கு ரிமோட் டெஸ்க்டாப் புரோட்டோகால், சுருக்கமாக ஆர்.டி.பி., என்று பெயர்.

கவனித்தீர்களா? மேலே போவது விசைகள். கீழே வருவது படம். நோயாளியின் குறிப்பு அடங்கிய கோப்பு அந்தப் பூட்டிய அறையை விட்டு வெளியே வருவதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்புவோம்.

இது புதுமையுமல்ல. 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பெர்னாண்டோ கார்பத்தோ என்பவரும் அவர் தோழர்களும் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினார்கள். நம் ஊர் ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் குமாஸ்தாவின் முன்னால் இருந்த திரையும் அந்த வம்சம்தான். சீட்டுக் கணக்கு வேறொரு நகரத்தில் இருக்கும், திரை மட்டும் இங்கே இருக்கும். மேஜைக்கு ஒரு கம்ப்யூட்டர் என்ற காலம் வந்தபோது அந்த முறை கொஞ்சம் பின்னுக்குப் போனது. 1989-இல் எட் யாகோபுச்சி தொடங்கிய சிட்ரிக்ஸ் நிறுவனம் விண்டோஸிலும் அதைச் செய்ய முடியும் என்று 1995-இல் வின்ஃபிரேம் மூலம் காட்டியது. 1998-இல் மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸ் என்.டி. 4.0-இன் டெர்மினல் சர்வர் பதிப்பை வெளியிட்டது. 2009-இல் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் என்று பெயரை மாற்றினார்கள். எங்கள் கணக்குப் புத்தகத்தில் மட்டும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

இனி எங்கள் கதைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஐப்பசி மழையில் எங்கள் கிராமக் கிளினிக் ஒன்றில் இடி இறங்கிக் கம்ப்யூட்டர் கருகிவிட்டது. பெட்டி போனதைப் பற்றி யாரும் அழவில்லை. காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களின் பட்டியல் அதற்குள் இருந்தது. யார் எந்த மாதத்தில் இருக்கிறார், யாருக்கு அடுத்த சளிப் பரிசோதனை எப்போது என்ற விவரமெல்லாம் அதோடு போயிற்று. சாதாரணக் காசநோய்க்கே குறைந்தது 6 மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் மருந்துக்கு அடங்காத நோயாக மாறக்கூடும். எங்கள் சுகாதாரப் பணியாளர்கள் சேற்றிலும் சகதியிலும் வீடு வீடாகப் போய், மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்து, அந்தப் பட்டியலைத் திரும்ப எழுதினார்கள். நகல் எடுத்து வைக்காதது எங்கள் தவறு. ஆனால் பத்து இடத்தில் பத்துப் பெட்டி இருந்தால் பத்து இடத்திலும் ஒழுங்காக நகல் எடுக்க ஆள் வேண்டுமே, அந்த ஆள் எங்களிடம் இல்லை.

இப்போது அந்தக் கிளினிக்கில் இருப்பது வெறும் திரையும் சிறு பெட்டியும். மீண்டும் இடி விழுந்தாலும் வேறொரு பழைய பெட்டியைக் கொண்டுபோய் மாட்டினால் போதும். மின்சாரம் போனாலும் சிரமம் குறைவு. பாதிப் படிவம் நிரப்பியிருக்கும்போது கிளினிக்கில் கரண்ட் போகிறது என்று வையுங்கள். போனது திரை மட்டுமே. செஷன் சர்வரில் அப்படியே விழித்திருக்கும். கரண்ட் வந்து மறுபடி உள்ளே நுழைந்தால் விட்ட வார்த்தையிலிருந்தே தொடரலாம். எவ்வளவு நேரம் அப்படிக் காத்திருக்க வேண்டும் என்பதை நாங்களே குறித்து வைக்கலாம். ஒரு டாக்டர் காலையில் வார்டில் திறந்த குறிப்பை அங்கே அப்படியே விட்டுவிட்டு, வெளிநோயாளிப் பிரிவில் வேறொரு திரையில் தொடர முடிவதும் இதனாலேதான்.

இன்னொரு சிறிய ஆறுதலையும் சொல்லாமல் விட முடியவில்லை. 1990-களில் தமிழ் டைப் செய்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கம்ப்யூட்டரில் அடித்த கடிதம் இன்னொன்றில் கொக்கி கொக்கியாகத் தெரியும், அதற்குரிய எழுத்துரு அங்கே இருக்காது. இப்போது எழுத்துருவைச் சர்வரில் ஒருமுறை போட்டால் எல்லாத் திரையிலும் அதே தமிழ் வருகிறது. ஜெப அட்டைகளை எங்கிருந்து அச்சிட்டாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன, பிரிண்டர் ஒத்துழைத்தால்! தூரத்திலுள்ள பிரிண்டரைச் செஷனோடு இணைப்பதுதான் இந்த ஏற்பாட்டிலேயே அதிகத் தலைவலி தருவது.

கிளினிக்குகளுக்கு இணைய இணைப்பு சுமாராக இருந்தாலும் எழுத்து வேலைக்குப் போதும். ஒரு சி.டி. ஸ்கேனை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கும் நெடுக்கும் 512 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் 2 பைட் என்றால் ஒரு படம் ஏறக்குறைய அரை மெகாபைட் ஆகிறது. ஒரு நோயாளிக்கு 300 படம் என்றால் 150 மெகாபைட். கிளினிக்கின் பலவீனமான இணைப்பில் அதை இறக்குவதற்குள் வெளியே காத்திருப்பவர்கள் வீட்டுக்கே போய்விடுவார்கள். டெர்மினல் சர்வர் வழியாகப் பார்த்தால் 300 படமும் அங்கேயே இருக்க, டாக்டர் பார்க்க விரும்பும் ஒரு காட்சி மட்டும் வருகிறது. ஆனால் சுருக்கி வரும் படத்தில் நுட்பமான விவரம் மழுங்கக்கூடும். ஆகவே ஸ்கேனை வாசித்து நோயைத் தீர்மானிப்பது அதற்கான தனித் திரையில், ஆஸ்பத்திரியிலேயே நடக்கிறது. பூமிக்கு மேல் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டரில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக இணைத்தால் வேறொரு கஷ்டம் உண்டு. அடித்த எழுத்து போய்த் திரும்பவே அரை வினாடி ஆகும். டைப் அடிக்கிறவர் பொறுமை இழந்துவிடுவார்.

இவையெல்லாம் வசதிகள். எங்கள் மனதுக்கு அதிக நெருக்கமான காரணம் வேறு.

ஜெபிக்க வார்டுக்குப் போகிற எங்களிடம் மக்கள் டாக்டரிடம் கேட்காததைக் கேட்பார்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்த ஒரு தாயார் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, எம் பேரு அந்தப் பொட்டியில இருக்குமா?" என்று கேட்டார்கள். "இருக்கும் அம்மா, டாக்டர் மட்டுந்தான் பார்ப்பார்" என்றோம். "பொட்டி ரிப்பேருக்குப் போனா?" என்று திரும்பக் கேட்டார்கள். அந்த மாதம்தான் ஒரு கம்ப்யூட்டர் கடைத்தெருவுக்கு ரிப்பேருக்குப் போய், ஒரு வாரம் யாரோ ஒருவர் மேஜையில் திறந்து கிடந்தது. ஹார்ட் டிஸ்க்கும் அதற்குள்ளேயே இருந்தது. அவருடைய தங்கைக்கு அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் என்ன பதில் சொல்வது? ஜெபித்துவிட்டு வந்தோம்; அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை, சட்டத்தில் சொல்லப்பட்ட சில விதிவிலக்குகள் நீங்கலாக, அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அது 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வராமலிருந்தாலும் நம் கடமை அதுவே அல்லவா?

கோப்பு பூட்டிய அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று சொன்னோமே, அந்தத் தாயாரின் கேள்விக்கு அதுதான் பதில். ரிப்பேருக்குப் போகும் வார்டுப் பெட்டியில் யார் பேரும் இல்லை.

உண்மையைச் சொன்னால், அது தானாக நடப்பதல்ல. வேகத்துக்காகச் சில சமயம் திரையின் துண்டுகளை வார்டுப் பெட்டி தன் டிஸ்க்கில் சேமித்து வைக்கும். அதை நிறுத்த வேண்டும், அல்லது பெட்டியில் டிஸ்க்கே இல்லாமல் செய்ய வேண்டும். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். சர்வரிலுள்ள கோப்பை வார்டில் செருகும் பென் டிரைவுக்கு இழுக்கவும் வழி உண்டு, அதை அடைத்திருக்கிறோம். திரையைக் கைப்பேசியில் போட்டோ எடுக்கிறவரை எந்த சர்வரும் தடுக்காது. அதற்கு ஊழியர் கூட்டத்தில் பேசத்தான் வேண்டும், பேசி வருகிறோம்.

எல்லாவற்றையும் ஓர் அறையில் சேர்த்துவிட்டால் திருடனுக்கும் ஒரே கதவு போதும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கிரீன்ஃபீல்டு என்ற ஊரிலுள்ள ஹேன்காக் ஆஸ்பத்திரியில் 2018 ஜனவரி 11 இரவு நடந்ததை எங்கள் கமிட்டியில் விவரமாகப் பேசினோம். கருவி விற்ற வெளி நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்திருந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் திருடர் கையில் சிக்கின. அதைக் கொண்டு ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே நுழைந்து, சாம்சாம் என்ற கெடு நிரலால் கோப்புகளைப் பூட்டிவிட்டார்கள். பூட்டிய கோப்புகளுக்கு "மன்னிக்கவும்" என்று பெயரும் வைத்தார்களாம், என்ன துணிச்சல் பாருங்கள். டாக்டர்களும் நர்ஸ்களும் காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பினார்கள். ஆஸ்பத்திரி கடைசியில் 4 பிட்காயின், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 55,000 டாலர், கொடுத்துத் திறவுகோல் வாங்கியது. நகல்கள் இருந்தன, ஆனால் அவற்றில் பலவற்றையும் திருடர்கள் முன்பே கெடுத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஈரானியர் இருவர்மீது அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. சாம்சாமால் பாதிக்கப்பட்டவர்கள் 200-க்கு மேல் என்று அந்தக் குற்றப்பத்திரிகையே சொல்கிறது. இருவரும் பிடிபட்டு நிறுத்தப்படவில்லை.

அடுத்த ஆண்டே, 2019 மே மாதத்தில், கடவுச்சொல்லே தேவைப்படாத ஒரு ஓட்டை பழைய விண்டோஸ்களின் ரிமோட் டெஸ்க்டாப்பில் கண்டுபிடிக்கப்பட்டது. புளூகீப் என்று பெயர் வைத்தார்கள். ஆதரவு முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால் அபாயம் எவ்வளவு பெரிது என்று பாருங்கள்.

ஆகையால் நீங்கள் கொடுத்த தொகையில் ஒரு நல்ல பங்கு கண்ணுக்குத் தெரியாத காரியங்களுக்கே போயிற்று. ஆர்.டி.பி.க்கு வழக்கமாக 3389 என்ற எண்ணுள்ள வாசல். அதை இணையத்தை நோக்கித் திறந்து வைப்பது தெருக்கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதற்குச் சமம். எங்கள் கிளினிக்குகள் வி.பி.என். என்னும் மூடிய வழியாக மட்டுமே உள்ளே வரலாம். கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் எண்ணும் வேண்டும். பல தடவை தவறாக அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும். மூன்று சிஸ்டர்கள் ஒரே பெயரில் நுழைவது முன்பு சகஜம். இப்போது ஆளுக்கொரு பெயர், ஆகவே யார் எந்தக் குறிப்பைத் திறந்தார் என்று பார்க்க முடியும். வெளி நிறுவனத்தாருக்கு வேலை நாளில் மட்டும் கதவு திறந்து, முடிந்ததும் மூடப்படும். தினசரி நகல் ஒன்று, எந்தக் கம்பியோடும் இணைக்கப்படாமல், வேறு கட்டடத்து அலமாரியில் இருக்கிறது. கடவுச்சொல் நீளமானதைப் பற்றி எங்களிடமே முணுமுணுத்தவர்கள் உண்டு. நாங்களும் முதலில் முணுமுணுத்தவர்களே.

லைசென்ஸ் செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். விண்டோஸ் சர்வரில் நிர்வாக வேலைக்கு இரண்டு பேர் நுழையலாம். அதற்கு மேல் ஆளுக்கு ஒன்று அல்லது பெட்டிக்கு ஒன்று என்று தனி உரிமம் வாங்க வேண்டும். லினக்ஸில் இந்த முறை இலவசமாகவே கிடைக்கிறது; 1999-இல் தொடங்கிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டத்தைப் பல பள்ளிகள் பயன்படுத்தியிருக்கின்றன. எங்கள் ஆஸ்பத்திரிப் புரோகிராம் விண்டோஸில் மட்டுமே ஓடுவதால் உரிமம் வாங்கினோம். திருட்டுப் பிரதி போட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒருவர் யோசனை சொன்னார். மிஷன் ஆஸ்பத்திரியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சர்வர் நின்றால் எல்லாம் நிற்கும் என்பது இதன் பெரிய குறை. நின்றும் இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை காலை சர்வர் அறையின் யு.பி.எஸ். செத்துப்போய், வெளிநோயாளி வரிசை வேப்பமரம் தாண்டிப் போயிற்று. வயதான சிஸ்டர்கள் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அதன் பிறகே இரண்டாவது சர்வரும் இரண்டாவது யு.பி.எஸ்.ஸும் வாங்கினோம். நோட்டுப் புத்தகங்களையும் ஒவ்வொரு வார்டிலும் தயாராக வைத்திருக்கிறோம். ஆண்டறிக்கையில் நீங்கள் பார்த்த தொகை இவையெல்லாம் சேர்ந்ததே. கட்டில் வாங்கியிருக்கலாம் என்பது மெய்தான். அந்தத் தாயாரின் கேள்வி காதில் ஒலித்துக்கொண்டிருந்ததால் கமிட்டி இதை முதலில் வைத்தது.

இனி உங்கள் பழைய கம்ப்யூட்டர். தாராளமாக அனுப்பலாம். படம் வரைந்து காட்டுவதற்கு அதிக பலம் தேவையில்லை; 4 ஜிபி நினைவகம் இருந்தாலே எங்களுக்குத் தாராளம். விண்டோஸ் 10 அதில் இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் விடமாட்டோம். பெட்டியைத் தட்டியதும் நெட்வொர்க் வழியாகச் சிறிய லினக்ஸ் ஒன்று ஏறி நேரே சர்வரின் வாசலைக் காட்டும்படி எங்கள் தம்பி அமைத்துவிடுகிறார். ஆகவே கம்பி இணைப்புக்கான நெட்வொர்க் துளை பழுதில்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். திரையும் கீபோர்டும் சேர்ந்து வந்தால் நல்லது. வீங்கிய பேட்டரியுள்ள லேப்டாப் வேண்டாம்; வழியிலேயே ஆபத்து. வெகு தூரத்திலிருந்து லாரியில் அனுப்புவதற்கு ஆகும் வாடகை பெட்டியின் விலையைத் தாண்டுமானால், பெட்டியை அருகிலுள்ள பள்ளிக்குக் கொடுத்துவிட்டு வாடகையை மட்டும் எங்களுக்கு அனுப்பலாம்.

அனுப்புமுன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகக் கணக்குகளும் குடும்பப் படங்களும் அதில் இருக்கும். மறந்து அனுப்பிவிட்டால் நாங்கள் கழற்றி, உங்கள் பெயர் எழுதி, சர்வர் அறை அலமாரியில் பூட்டி வைப்போம். ஒரு கடிதம் போட்டால் திருப்பி அனுப்புகிறோம்.